கஞ்சா வழக்கில் மகன்: அபராதம் கட்டி முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நண்பர்கள் இருவரோடு வாடகை அறையில் இருந்தபோது போலீஸ் சோதனை போட்டு, 40 கிராம் கஞ்சா எடுத்ததாக வழக்குப் பதிந்துவிட்டது. சில நாள் சிறையில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். ஒரு வருடத்துக்கு மேலாகப் பழக்கம், விட நினைத்தும் முடியவில்லை என்று இப்போதுதான் அழுதுகொண்டே சொல்கிறான். நீதிமன்ற வாசலில் அறிமுகமான ஒருவர், "குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் அபராதத்தோடு முடிந்துவிடும்" என்கிறார். என் அண்ணனோ, "சிகிச்சைக்குச் சேர்த்தால் நாமே குற்றத்தை எழுதிக் கொடுத்த மாதிரி" என்கிறார். தனியார் மையம் ஒன்று, நான் கையெழுத்துப் போட்டால் இரவில் வண்டி அனுப்பி அவனைத் தூக்கிப் போய்விடுவதாகச் சொல்கிறது. குண்டர் சட்டம் பாயும் என்று தெருவில் பயமுறுத்துகிறார்கள். வெளிநாட்டில் மேல்படிப்பு அவன் ஆசை. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் மேடம்?

பதில்: அம்மா, முதலில் ஒன்று. நீதிமன்ற வாசலில் கிடைத்த அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் முடிவது வழக்கு மட்டும்தான். "தண்டிக்கப்பட்டவர்" என்ற பதிவு உங்கள் மகன் பெயரில் நின்றுவிடும். அரசு வேலைக்கான காவல்துறை விசாரணையிலும், விசா விண்ணப்பத்தில் வரும் கேள்வியிலும் அது எழுந்து வரும். பின்னாளில் இதேபோன்ற வழக்கில் மறுபடி சிக்கினால், போதைப்பொருள் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகும். இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிள்ளைகள், சில வருடம் கழித்து வேலைக்கான படிவத்தை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். அப்போது என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு.

வழக்கு எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 என்பதைத்தான் எல்லோரும் என்.டி.பி.எஸ். சட்டம் என்கிறார்கள். இதில் தண்டனையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எடைதான். 2001-ல் வந்த திருத்தம் சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று மூன்று படிகளை வைத்தது. கஞ்சாவுக்கு 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. உங்கள் மகன் வழக்கில் 40 கிராம். வைத்திருந்த குற்றத்துக்கு 20-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் ஓராண்டுக் கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகைத்த குற்றத்துக்கு 27-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனையே ஏறக்குறைய மறுக்கும் 37-ஆம் பிரிவின் கடுமையான நிபந்தனைகள் சிறிய அளவுக்குப் பொருந்தாது. அதனால்தான் பையன் சில நாளில் வெளியே வர முடிந்தது.

எடைக் கணக்கு எல்லாப் பொருளுக்கும் ஒன்றல்ல என்பதை இதே நிலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்காகவும் சொல்லிவைக்கிறேன். எம்.டி.எம்.ஏ. என்ற செயற்கைப் போதைப்பொருளுக்குச் சிறிய அளவு அரை கிராம்தான், 10 கிராமே வணிக அளவைத் தொட்டுவிடும். அதற்கு மேல் போனால் பேச்சே பத்தாண்டில்தான் தொடங்கும். ஹெராயினுக்குச் சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். அதோடு, பொருளில் கலந்திருக்கும் மாவையும் சேர்த்து மொத்த எடையைத்தான் எடுக்க வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "கொஞ்சம்தானே" என்று கண்ணால் அளந்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

குண்டர் சட்டத்தைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம் முக்கியமாகக் குறிவைப்பது போதைப்பொருளை விற்பவர்களையும் பதுக்குபவர்களையும் கடத்துபவர்களையும்தான், வெறுமனே பயன்படுத்தியவரை அல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை. மூன்று பேரும் சேர்ந்து காசு போட்டு வாங்கியிருந்தால், போனில் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிய விவரம் இருக்கும். அதை விற்பனை என்று காட்ட வழியுண்டு. என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையில் பிரிவு எண்களையும் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். 27 வேறு, 27-ஏ வேறு. முன்னது நுகர்வு. பின்னது கடத்தலுக்குப் பணம் கொடுத்ததற்கும் குற்றவாளிக்குப் புகலிடம் கொடுத்ததற்குமான பிரிவு, குறைந்தது பத்தாண்டு. ஒரு எழுத்தில் வழக்கின் முகமே மாறிவிடும்.

இனி, அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். அவர் பயம் புரிகிறது. ஆனால் சட்டம் சொல்வது அதற்கு நேர் எதிர். 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டத்தில் மரண தண்டனையைக் கொண்டுவந்து அதைக் கடுமையாக்கியது 1989-ஆம் ஆண்டுத் திருத்தம். போதைக்கு அடிமையானவர் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு என்ற இந்தப் பிரிவையும் அதே திருத்தம்தான் சேர்த்தது. இப்போதுள்ள வடிவில் அது சொல்வது இதுதான்: போதைக்கு அடிமையான ஒருவர்மீது 27-ஆம் பிரிவிலோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றச்சாட்டு இருந்து, அவர் தாமாக முன்வந்து அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையிலோ நிறுவனத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றங்களுக்காக அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம்.

நாட்டின் கொள்கையும் இந்த இரண்டு முகத்தோடுதான் இருக்கிறது. கடத்துபவனுக்கு 20 ஆண்டு வரை சிறை வைத்த அதே அரசு, சமூக நீதி அமைச்சகம் மூலம் 14446 என்ற கட்டணமில்லா எண்ணை நடத்துகிறது. எய்ம்ஸ் மூலம் எடுத்து 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், ஒரு வருடத்துக்குள் கஞ்சா வகைப் பொருளைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர் என்று தெரியவந்தது. கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கும் அதில் சேர்த்திதான். இத்தனை பேரைச் சிறையில் போட எந்த அரசாலும் முடியாது, போடவும் கூடாது. 64-ஏ இருப்பது அதற்காகத்தான். எனக்கு இதில் தீராத வருத்தம் ஒன்றுண்டு. கைது செய்யும்போது இந்தப் பிரிவு இருக்கிறது என்று பையனிடம் யாரும் சொல்வதில்லை. குடும்பமும் வெட்கப்பட்டு ஒளிக்கப் பார்க்கிறது. கேட்டால் மட்டும் கிடைக்கிற உரிமை இது. பெரும்பாலானோர் கேட்பதே இல்லை.

அந்தப் பிரிவில் மூன்று இடங்களில் வழுக்கும். முதல் இடம், "அடிமையானவர்". சட்டத்தின் கணக்கில் அது போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலைக்கு வந்தவர். நண்பர்களோடு ஒரு தடவை புகைத்துப் பார்த்தவருக்கு இந்த வழி இல்லை. அவர் வழக்கை நேராக நடத்தத்தான் வேண்டும். விலக்குக்காக இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு போவதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். உங்கள் மகன் விட முயன்றும் முடியவில்லை என்கிறான். அதை மனநல மருத்துவர் பரிசோதித்து எழுத வேண்டும். நீங்களோ நானோ சொல்லி ஆகாது.

இரண்டாவது, எங்கே சேர்ப்பது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். சென்னை என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. தனியார் இடம்தான் வசதி என்றால், அரசு அங்கீகாரத்தின் நகலைக் கையில் வாங்காமல் சேர்க்காதீர்கள். அங்கீகாரமில்லாத இடத்தில் ஆறு மாதம் இருந்தாலும் நீதிமன்றத்தில் அது கணக்கில் வராது.

மூன்றாவதுதான் நான் மிகவும் கவலைப்படும் இடம்: "தாமாக முன்வந்து". இரவில் வண்டி அனுப்பித் தூக்கிப் போகிறோம் என்று சொன்னார்களே, அதற்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வயது வந்த ஒருவரை அவர் சம்மதமில்லாமல் கட்டிக்கொண்டு போய் அடைத்துவைக்க, தாய் போடும் கையெழுத்து அதிகாரம் தராது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே எடுத்துக்கொள்கிறது. அப்படி முடிவெடுக்க இயலாத அளவுக்கு ஒருவர் மோசமாக இருந்தால்தான், தனித்தனியாகப் பரிசோதித்த இரண்டு நிபுணர்களின் கருத்தோடு, 89-ஆம் பிரிவின் முறைப்படி, முதலில் 30 நாள் வரை அனுமதிக்கலாம். கையையும் காலையும் கட்டி வண்டியில் ஏற்றுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. அதோடு, தூக்கிப் போனால் "தாமாக" என்ற சொல் உடைந்துபோகும், 64-ஏ-யும் கூடவே போய்விடும். இதற்கெல்லாம் மேலாக, இப்போதுதான் உங்களிடம் வாய்திறந்து அழுத பிள்ளை அவன். அந்த நம்பிக்கையை ஒரு ராத்திரியில் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, அண்ணன் சொன்ன "எழுதிக் கொடுத்த மாதிரி" என்பதில் கொஞ்சம்கூட நியாயம் இல்லையா? இருக்கிறது. 64-ஏ விலக்குக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனுவை அஜாக்கிரதையாக எழுதினால் ஆபத்துதான். "அன்று அந்த அறையில் அந்தக் கஞ்சா என்னுடையதுதான்" என்று மனுவில் எழுதி, பிறகு விலக்கு கிடைக்காமல் போனால், அதையே எதிராகப் பயன்படுத்தப் பார்ப்பார்கள். பழக்கத்துக்கு அடிமையானது, சிகிச்சைக்கு வந்தது, மருத்துவர் கொடுத்த சான்று, இவற்றோடு மனு நிற்க வேண்டும். அன்றைய கைப்பற்றுதலைப் பற்றி ஒரு வரியும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. மருத்துவரிடம் சொன்ன விவரங்களை ரகசியமாக வைக்கும் கடமை 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது.

சிகிச்சையைக் குற்றப்பத்திரிகை வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே தொடங்குங்கள். மனுவைக் குற்றப்பத்திரிகை தாக்கலானதும் போடலாம். அதற்குள் சேர்ந்த தேதி, வெளிநோயாளிச் சீட்டுகள், மருந்துச் சீட்டு, ஆலோசனைக்குப் போன நாட்கள், சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் ஒரு கோப்பில் சேரட்டும். கடைசியில் சிகிச்சை முடிந்ததற்கான சான்று கட்டாயம் வேண்டும். பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் வீண். நடுவில் ஒருதடவை தடுமாறினால் அதை ஒளிக்காமல் மருத்துவரிடமே சொல்லி, சிகிச்சையைத் தொடர வேண்டும். இந்தி நடிகர் பர்தீன் கான் 2001-ல் கொக்கேன் வழக்கில் கைதானவர். அரசு சார்ந்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்ட பிறகு, 2012-ல் மும்பை நீதிமன்றம் இதே 64-ஏ-யின் கீழ் அவருக்கு விலக்கு அளித்தது. காலம் ஆகலாம், ஆனால் வழி திறந்திருக்கிறது.

இதற்காக வழக்கின் மற்றக் குறைகளைப் பார்க்காமல் விட வேண்டாம். பையனின் சட்டைப் பையிலிருந்து எடுத்ததாக எழுதியிருந்தால், அரசிதழ் அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை இருக்கிறது என்று 50-ஆம் பிரிவின்படி அவனுக்குச் சொன்னார்களா? அறைக்குள் ராத்திரியில் நுழைந்திருந்தால் அதற்கான காரணத்தை எழுதிவைத்தார்களா? சோதனையை வீடியோ எடுத்தார்களா? கைப்பற்றியது பூவும் காயும் சேர்ந்த நுனியா, வெறும் இலையா? இலையும் விதையும் தனியாக இருந்தால் சட்டத்தின் பார்வையில் கஞ்சாவே அல்ல. ஆய்வகம் என்ன எழுதியது என்று உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். அப்புறம், அறையில் கிடந்தது மூவரில் யாருடையது என்பதும் கேள்விதான். பையன் அடிமைப்பட்டிருந்தான் என்பதும் அன்றைய சோதனை சரியில்லை என்பதும் ஒன்றையொன்று அடிக்காது. இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகலாம்.

ஒருவேளை விலக்கு கிடைக்காமல் தண்டனை வரை போனாலும், இன்னொரு வாசல் 39-ஆம் பிரிவில் இருக்கிறது. வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, அவன் சம்மதத்தோடு, சிறைக்குப் பதில் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் சிகிச்சையின் முடிவைக் காட்ட வேண்டும். திருப்தியானால் கண்டித்து, மூன்றாண்டு வரையிலான உறுதிப் பத்திரத்தின் பேரில் விட்டுவிடலாம். ஆனால் இது குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு வரும் சலுகை. 64-ஏ அதற்கு முன்பே வரும். 64-ஏ-க்குத்தான் முழு முயற்சி எடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயம் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கடினமில்லை. நீதிமன்றத்தில் குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மறுக்கலாம். ஆனால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தின் அனுமதி ஆணை இருந்தால், 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் தருவார்கள், பெரும்பாலும் குறுகிய காலத்துக்கு. விண்ணப்பத்தில் வழக்கை மறைத்தால் அதுவே தனிக் குற்றமாகும். அந்தக் கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அனுமதிக்கான மனுவையும் 64-ஏ மனுவைப் போடும் அதே நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் இரண்டு வருடம் இருப்பதால், சிகிச்சை முடிந்த சான்றோடு அந்த மனுவைப் போடுவதே நல்லது.