மழை தாராளம், மரங்கள் இல்லை: கான்சாஸ் புல்வெளியும் தீயும்

கேள்வி: அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மாட்டுப் பண்ணைக்காரர்களே ஏப்ரல் மாதந்தோறும் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள் என்று படித்தேன். மழை குறைந்த இடம்தானே புல்வெளியாகிறது? அங்கே தீக்கு என்ன வேலை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: மழைக் குறைவு பாதிக் காரணம்தான். நீங்கள் படித்த ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மரம் வளர அது தாராளம். தீயே படாமல் விட்ட மேய்ச்சல் நிலங்களை ஜூனிபர் மரங்கள் நாற்பது ஆண்டுகளுக்குள் அடைத்து மூடிவிடுகின்றன. ஆனால் ஜூனிபர் கன்று ஒருமுறை கருகினால் மறுபடி துளிர்ப்பதில்லை. ஆளுயரம் வளரும் புளூஸ்டெம் புல்லுக்கோ மொட்டுகள் மண்ணுக்குள் இருக்கின்றன. குளிர்காலத்தில் காய்ந்த தாள்களை எரித்துக்கொண்டு தீ விரைவாகக் கடந்துபோவதால், சில சென்டிமீட்டர் ஆழத்தில் சூடு அதிகம் ஏறுவதில்லை. பழைய சருகு நீங்கிய கரிய தரையில் வெயில் நேராகப் பட்டு மண் சீக்கிரம் வெதுவெதுப்பாக, சில வாரங்களில் பச்சை தலைகாட்டிவிடும்.

கான்சா, ஓசேஜ் பழங்குடியினர் இளந்தளிருக்குக் காட்டெருமைகள் வரும் என்பதறிந்தே முன்பு தீயிட்டனர். மேல்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையும் சிக்கிமுக்கிக் கல்லும் கிடந்ததால் இங்கே ஏர் இறங்கவில்லை. வட அமெரிக்காவின் உயர்புல் வெளியில் இன்று மிஞ்சியிருக்கும் சுமார் 4 விழுக்காட்டில் பெரும்பகுதி இங்கேதான் உள்ளது.

எத்தனை ஆண்டுக்கொரு முறை எரிப்பது என்பதில்தான் சிக்கல். 1970-களிலிருந்து இதே ஃபிளின்ட் ஹில்ஸில் உள்ள கோன்சா என்ற புல்வெளி ஆய்வு நிலத்தில் தனித்தனி நீர்ப்பிடிப்புப் பகுதிகளை 1, 2, 4, 20 ஆண்டு இடைவெளிகளில் எரித்துப் பார்க்கிறார்கள். நான்கு ஆண்டு இடைவெளியிலேயே, வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும் புதர்கள் பரவிவிட்டன. ஆண்டுதோறும் எரித்த இடத்திலோ புல் ஓங்கிப் பூச்செடிகள் ஒடுங்கின. அங்கு 1987-இல் மீண்டும் விடப்பட்ட காட்டெருமைகள் புல்லை மேய்ந்து குறைத்த பிறகு பூச்செடிகள் பெருகின. மாவட்டம் முழுவதையும் ஒரே மாதத்தில் எரிப்பது மாடுகளின் எடைக்கு நல்லது. எரியாத புல்மறைவில் கூடு வைக்கும் பிரெய்ரிக் கோழி என்ற புல்வெளிப் பறவைக்கு நல்லதில்லை. துண்டு துண்டாக, முறை வைத்து எரிப்பதே சரியென்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அப்படியானால் நீலகிரியிலும் இதையே செய்யலாமே?

பதில்: எருமை மேய்ச்சலுக்காகத் தோடர்கள் முன்பு புல்வெளிகளுக்குத் தீயிட்டது உண்மைதான். ஆனால் அங்கே இப்போது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரம் புகுந்திருக்கிறது. மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதன் விதைகளின் கடினமான ஓடு தீயின் சூட்டில் விரிகிறது என்பதால், வாட்டில் நுழைந்த சரிவை எரித்தால் அதன் கன்றுகளே கூட்டமாக எழும். அங்கே முதல் வேலை மரத்தை வெட்டி அகற்றுவதும், முளைக்கும் கன்றுகளைப் பல ஆண்டுகள் விடாமல் பிடுங்குவதும்தான்.