பழைய ஐ7 வாங்குவதா, புது ஐ3 வாங்குவதா? கணினி கேள்வி-பதில்

கேள்வி: மகள் பி.சி.ஏ. சேர்ந்திருக்கிறாள். கடையில் 18,000 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ7 லேப்டாப் காட்டுகிறார்கள். புது ஐ3 என்றால் 33,000 ஆகிறது. ஐ7-தானே பெரியது, அதையே வாங்கிவிடலாமா? கடையில் எடுத்த படம் இணைத்திருக்கிறேன்.
- ஒரு தந்தை, கோவில்பட்டி

பதில்: ஐயா, வேண்டாம். ஐ3, ஐ7 எல்லாம் இன்டெல் நிறுவனத்தின் பிராசசர், அதாவது கணினியின் மூளை, வரிசைகள். அந்த 7-ஐ விட்டுவிட்டு அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் ஐ7-4600யூ என்று இருக்கிறது. முதலில் வரும் 4 நான்காம் தலைமுறையைக் குறிக்கும், அதாவது 2013-இல் வந்த சரக்கு, அதில் கோர் (பிராசசருக்குள் வேலை செய்யும் பகுதி) இரண்டே இரண்டுதான். புது லேப்டாப்பில் இருப்பது ஐ3-1215யூ. இதில் முதலில் வரும் 12 பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது, கோர் ஆறு. அந்த ஆறில் நான்கு, மின்சாரம் குறைவாக எடுக்கும் சின்ன கோர்கள் என்றாலும், பழைய ஐ7-ஐ இது எளிதாகத் தாண்டிவிடும். ஐ3, ஐ5, ஐ7 என்று ஒப்பிடுவதெல்லாம் ஒரே தலைமுறைக்குள்தான் செல்லும்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் போனால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ரைசன் 5 7520யூ என்று பார்த்ததும் 7-இல் தொடங்குகிறதே, புதுசு என்று நினைப்போம். அந்த வரிசையில் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். அது 2 என்றால் 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. பக்கத்திலேயே 7530யூ இருந்தால் அது ஜென் 3, இரண்டு கோர் அதிகம். பெயரில் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம், பில் போடும் முன் அதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பிராசசரைவிட அன்றாடம் கண்ணுக்குத் தெரிகிற வேகம் எஸ்எஸ்டி-யில் (கோப்புகளைச் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) இருக்கிறது. படத்தில் உள்ள பழைய லேப்டாப்பில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குள் தட்டு சுற்ற வேண்டும், ஊசி அந்த இடத்துக்கு நகர வேண்டும், அப்புறம்தான் கோப்பு கிடைக்கும். எஸ்எஸ்டி-யில் நகர்கிற பாகமே இல்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி கிடைத்தால்கூட 1 டிபி ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு அதையே எடுங்கள். ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) இப்போதைக்கு 8 ஜிபி போதும், ஆனால் இன்னொரு ராம் போட உள்ளே ஸ்லாட் காலியாக இருக்கிறதா, இல்லை மொத்தமும் போர்டிலேயே ஒட்டி வந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் போன் ஆப் எழுத ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட வேண்டி வந்தால் 8 ஜிபி திணறும்.

கேள்வி: அண்ணனுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறது, 4 ஜிபி ராம். விண்டோஸ் 10 ரொம்ப மெதுவாக ஓடுகிறது, இனி அப்டேட்டும் வராது என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா? லினக்ஸ் போட்டால் சரியாகுமா?
- பாலிடெக்னிக் மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: தூக்கிப் போடாதீர்கள் தம்பி! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அது உண்மைதான். விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும், உங்கள் லேப்டாப்பில் அது நடக்காது. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் லினக்ஸ். அதில் மின்ட் என்ற வகையின் எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான பதிப்பு 4 ஜிபி ராமில் நன்றாகவே ஓடும். என்னிடமும் இதே வயதில் ஒரு லேப்டாப் இருக்கிறது, இந்தப் பதிலை அதில்தான் தட்டச்சு செய்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உருவி, அதே இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி ஒன்றைச் செருகினேன். முன்பெல்லாம் பவர் பட்டனை அமுக்கிவிட்டு டீ போட்டு எடுத்து வருவேன், அப்போதும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது.

உடனே இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். முதலில் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமல் அப்படியே ஓடும். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கல்லூரி புரொஜெக்டரில் படம் தெரிகிறதா, எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துவிடலாம். பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவை எடுத்துவிடுங்கள், பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். பிடித்துப்போய் இன்ஸ்டால் செய்வதாக இருந்தால், அண்ணனின் போட்டோக்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு டிரைவில் எடுத்து வைத்த பிறகு செய்யுங்கள். டிஸ்க்கை அழிக்கும் கட்டத்தில் ஒரு டிக் தவறினாலும் போனது போனதுதான்.

டேலியும் ஃபோட்டோஷாப்பும் லினக்ஸில் நேராக ஓடாது. எம்எஸ் ஆஃபீஸ் இல்லை, அதற்குப் பதிலாக லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. அதில் செய்த ஃபைலை வேர்டில் திறந்தால் சில நேரம் வரிகள் இடம் மாறும், அதனால் புராஜெக்ட் ரிப்போர்ட்டை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். மற்றபடி சி, பைத்தான், ஜாவா மூன்றும் லினக்ஸில் சுகமாகவே ஓடும். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும்.

கேள்வி: புரோகிராமிங் படிக்க மேக் இருந்தால்தான் நல்லதா?
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஐபோன் ஆப் எழுதுவதாக இருந்தால் மட்டும் மேக் தேவை, அதை எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் அதில்தான் ஓடும். மற்றதெல்லாம் விண்டோஸிலும் லினக்ஸிலும் செய்துவிடலாம். 2020-இல் ஆப்பிளின் எம்1 பிராசசர் வந்த பிறகு மேக்புக் ஏர் அருமையான கருவி, பேட்டரியும் நன்றாக நிற்கிறது. ஆனால் அதில் ராமைப் பிறகு கூட்ட முடியாது, கடன் வாங்கி வாங்க வேண்டிய பொருளும் அல்ல.

கேள்வி: பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் படித்தேன். கல்லூரியில் மறுபடி சி-யிலிருந்து தொடங்குகிறார்கள், அதுவும் டர்போ சி-யில். பைத்தானை விட்டுவிடவா? எது படித்தால் நல்லது?
- முதலாம் ஆண்டு மாணவி, திருவண்ணாமலை

பதில்: பைத்தானை விடாதீர்கள் அம்மா, சி-யையும் வெறுக்காதீர்கள். நான் வருத்தப்படுவது டர்போ சி-யைப் பற்றித்தான். அந்த நீலத் திரை 1990-களின் தொடக்கத்தில் வந்த மென்பொருள், இன்றைய 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்துத்தான் அதை ஓட்ட முடிகிறது. அதில் இன்ட் மாறி (முழு எண் வைக்கும் இடம்) ஒன்றில் 30000, இன்னொன்றில் 10000 வைத்து, கூட்டி மூன்றாவது இன்ட் மாறியில் போட்டு அச்சிட்டுப் பாருங்கள், -25536 என்று வரும். டர்போ சி-யில் இன்ட்டுக்கு இரண்டு பைட்தான், 32767-ஐத் தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போய்விடுகிறது. அதே நிரலை ஜிசிசி என்ற இன்றைய கம்பைலரில் ஓட்டினால் 40000 வரும், அங்கே இன்ட்டுக்கு நான்கு பைட். லேபில் ஆசிரியர் சொல்வதைச் செய்யுங்கள், வீட்டில் ஜிசிசி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் நினைவகம் என்றால் என்ன என்று புரிந்துவிடும். சி படிப்பதன் பலனே அதுதான். 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியதே யூனிக்ஸ் மாதிரி இயங்குதளம் எழுதத்தான், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் பெரும்பகுதி இன்றும் சி-தான்.

பைத்தான் இந்தக் கவலைகளை உங்கள் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது. அதில் முழு எண்ணுக்கு அப்படி ஓர் உச்சவரம்பே கிடையாது. அதற்கென்று வேறு இடறல்கள் உண்டு. இன்புட் என்ற கட்டளை வழியாக 12-ஐயும் 8-ஐயும் வாங்கிக் கூட்டினால் 20 வராது, 128 வரும், ஏனென்றால் இன்புட் தருவது எண் அல்ல, எழுத்து. இன்ட் என்று மாற்றிக்கொண்ட பிறகுதான் கூட்ட வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், ஒருமுறை 128-ஐத் திரையில் பார்த்தவர் மறக்க மாட்டார்.

ஜாவாவையும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் ஒன்று என்று நினைத்து வகுப்பில் சேர்ந்துவிடாதீர்கள். இரண்டும் 1995-இல் வந்தவை, பெயரில்தான் ஒற்றுமை. வலைப்பக்கம் செய்ய ஆசை இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட், அதற்கு எதையும் இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், பிரவுசரே போதும்.

இந்த வாரம் செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். பைத்தானில் லென் போட்டு 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து, அது 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறை) ஐந்து குறிகளாக அந்தச் சொல் இருக்கிறது, பைத்தான் அந்தக் குறிகளை எண்ணுகிறது. 'திருவண்ணாமலை' கொடுத்தால் 12 வரும், நமக்கு 7. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு எண்ணி, 7 என்று சரியாகச் சொல்கிற நிரலை நீங்களே எழுதுங்கள். பத்துப் பதினைந்து வரிக்குள் முடியும். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், தப்பு இருந்தாலும் பரவாயில்லை, எங்கே தட்டுகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.