காதால் கேட்டது கணக்கில் வருமா?

கேள்வி: பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர் 'டாக்டர் ஹூ'. அதை வைத்து பிக் ஃபினிஷ் நிறுவனம் வெளியிடும் ஒலி நாடகங்கள் கேனனில், அதாவது அதிகாரபூர்வக் கதையில், சேர்த்தியா? டிவியில் வந்ததுதான் 'நிஜமாக' நடந்தது, மற்றதெல்லாம் சும்மா என்கிறான் என் தம்பி.
– வாசகி, கோவை

பதில்: தீர்ப்பு சொல்ல முதலில் நீதிபதி வேண்டுமே! எது உண்டு, எது இல்லை என்று பிபிசி இதுவரை பட்டியல் போட்டதில்லை. டிவியை மட்டும் நம்பினாலும் உங்கள் தம்பிக்கு நிம்மதி கிடைக்காது. அட்லாண்டிஸ் எப்படி அழிந்தது என்பதற்கே 1967, 1971, 1972 என்று மூன்று டிவி கதைகள் மூன்று விதமாகக் காரணம் சொல்கின்றன.

உங்கள் தம்பியிடம், எட்டாவது டாக்டராக நடித்த பால் மெக்கானைப் பற்றிக் கேளுங்கள். (கதைநாயகன் 'டாக்டர்' அவ்வப்போது வேறு உருவம் எடுப்பார், நடிகரும் மாறுவார்.) 1996இல் ஒரே ஒரு டிவி படம், பல வருடங்களுக்கு அதோடு சரி. 2001இலிருந்து அவர் டாக்டராக வாழ்ந்தது பெரும்பாலும் ஒலி நாடகங்களில்தான். நான் மெக்கானைக் கேட்டுப் பழகிய பிறகுதான் பார்த்தேன். எனக்கு டாக்டர் என்றால் இன்றும் அந்தக் குரல்தான். 2013 நவம்பரில், தொடரின் ஐம்பதாம் ஆண்டுக்காக ஸ்டீவன் மொஃபட் எழுதிய 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' குறும்படம் வந்தது. அதில் மெக்கான், உருமாறப்போகும் நேரத்தில், சார்லி, கிரிஸ், லூசி, டாம்சின், மாலி என்று தன் தோழர்களின் பெயர்களைச் சொல்லி வணங்குகிறார். ஐந்து பேருமே ஒலி நாடகத்தில் மட்டும் இருந்தவர்கள்! சார்லி பெயர் காதில் விழுந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

'பெயரைச் சொன்னால் கதையெல்லாம் நடந்ததாகிவிடுமா?' என்று தம்பி மடக்கலாம். மடக்கட்டும், நியாயமான கேள்விதான். ராப் ஷியர்மன் 2003இல் எழுதிய, ஆறாவது டாக்டர் வரும் 'ஜூபிலி' என்ற ஒலி நாடகத்தில், டாக்டரின் பரம எதிரிகளான டாலெக்குகளில் ஒன்று லண்டன் டவரில் தனியாகச் சிறைப்பட்டுக் கிடக்கும். அந்தக் கருவையே எடுத்து அவரே 2005இல் டிவிக்கு, ஒன்பதாவது டாக்டரை வைத்து 'டாலெக்' எழுதினார். அங்கே சிறை அமெரிக்காவின் யூட்டாவில், பூமிக்கடியில். ஆறாவது டாக்டருக்கு நடந்தது ஒன்பதாவது டாக்டருக்கும் கிட்டத்தட்ட அப்படியே நடந்தது என்று சாதிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. டிவி இங்கே ஒலி நாடகத்தைக் கச்சாப்பொருளாகத்தான் பயன்படுத்திக்கொண்டது.

ஆக, என் கட்சி இதுதான்: அடுத்து எழுத வருபவர் எதைக் கையில் எடுக்கிறாரோ அது உள்ளே. எடுக்காதது வெளியே அல்ல, வாசலில் காத்திருக்கிறது.

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' கதையும் இப்படித்தானா?
– வாசகர், மதுரை

பதில்: இல்லை, அங்கே கறாரான ஆபீஸ் உண்டு. முதல் படத்தை 1981இல் அமெரிக்காவின் என்பிஆர் வானொலி பதின்மூன்று பகுதி நாடகமாக ஒலிபரப்பியது. கதாநாயகன் லூக்காக, படத்தில் நடித்த மார்க் ஹாமிலே பேசினார். படத்தில் இல்லாத காட்சிகள் ஏராளம். இருந்தும் என்ன? 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம், திரைப்படங்களையும் 'க்ளோன் வார்ஸ்' தொடரையும் வைத்துக்கொண்டு இந்த வானொலி நாடகம், பழைய நாவல், காமிக்ஸ் என்று மற்றதையெல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று பெயரிட்டு கேனனுக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆனால் 2019இல் வந்த 'டூக்கூ: ஜெடை லாஸ்ட்' ஒலி நாடகம் முழு கேனன். ஒலியா ஒளியா என்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, முத்திரை விழுந்த தேதிதான் முக்கியம்.

கேள்வி: டாக்டர் ஹூ ஒலி நாடகங்களை எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?
– கல்லூரி மாணவர், நெல்லை

பதில்: 'ஸ்டார்ம் வார்னிங்', 2001. 1930இல் விபத்தில் அழிந்த ஆர்101 ஆகாயக் கப்பலுக்குள் நடக்கும் கதை. திருட்டுத்தனமாக ஏறிய சார்லியை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார்; வரலாற்றுப்படி அவள் செத்திருக்க வேண்டும். அந்தச் சிக்கலை அவிழ்க்கப் பல நாடகங்கள் ஆகும். அப்புறம் மார்க் பிளாட் எழுதிய 'ஸ்பேர் பார்ட்ஸ்'. உடலை இயந்திரமாக்கிக்கொண்ட மனிதர்களான சைபர்மென் உருவான கதை. சாப்பிட்டுக்கொண்டே கேட்க வேண்டாம்.