டீச்சரைக் கேளுங்கள்: சறுக்கு மரத்தில் மரம் எங்கே?

கேள்வி: நான் படித்த பள்ளியில் மரத்தால் செய்த ஏற்றப்பலகையும் (சீசா) ஊஞ்சலும் இருந்தன. இப்போது எங்கள் நகர்ப் பூங்காவில் எல்லாமே பிளாஸ்டிக். அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "மர விளையாட்டுச் சாமான்களில் விஷம் என்று இங்கே எடுத்துவிட்டார்கள் அப்பா" என்கிறாள். மரம் அவ்வளவு ஆபத்தா டீச்சர்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மகள் சொல்வது சரிதான். ஆனால் விஷம் இருந்தது மரத்துக்கு ஏற்றிய மருந்தில். மழையிலும் பனியிலும் நிற்கும் பலகை உளுத்துப் போகாமல் இருக்க, செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த கரைசலை அங்கே அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றினார்கள். ஆர்சனிக் கசிந்து பிள்ளைகளின் கையில் ஒட்டும், கை வாய்க்குப் போகும் என்ற கவலை வந்தது. 2003 இறுதியோடு வீடுகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் அந்த மரம் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நம் பூவரசம் பலகைக்கு அந்த மருந்தை யார் ஏற்றினார்கள்? நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளி மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் கரையில். அங்கே இருந்த ஏற்றப்பலகை பூவரசு, தாங்கும் கட்டைகள் கருவேலம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் உட்கார்ந்து உட்கார்ந்து, இரண்டு முனையும் எண்ணெய் தேய்த்த மாதிரி கறுத்து மின்னும். ஐப்பசி மழையில் பலகை ஊறி, ஏறும்போதும் இறங்கும்போதும் முனகும். சித்திரை வெயிலிலும் தொடை சுடாது. சிலாம்பு குத்தும், அதை மறைக்க மாட்டேன். மேசை டிராயரில் எப்போதும் ஓர் ஊக்கு வைத்திருப்பேன், எடுத்துவிட்டு மஞ்சள் வைத்து அனுப்புவேன்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் ஊர் ஆசாரி வருவார். மண்ணுக்குள் இற்றுப்போன கட்டையை மாற்றுவார், சிலாம்பு எழுந்த இடத்தை இழைப்புளியால் இழைப்பார். அரை நாள் வேலை. கூலி ஊர்ப் பொது நெல்லில் இருந்து போகும்.

அப்புறம் இரும்பில் புதிது வந்தது, கூடவே சறுக்கு மரமும். அதுவும் இரும்புதான், பெயரில் மட்டும் மரம். மூன்றாம் வருஷம் ஏற்றப்பலகையின் பற்றவைப்பு விட்டுப்போனது. மனு எழுதினோம், மறுபடியும் எழுதினோம். இரண்டு வருஷம் அது நெருஞ்சி முளைத்துக் கிடந்தது. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது. நான் மரத்துக்காக ஏங்குவது இதனால்தான். கெட்டுப்போனால் நம் தெரு ஆளே சரி செய்துவிடுவார்.

2018 நவம்பர் 16, கஜா புயல் விடிந்தபோது அந்த வாய்க்கால் கரையில் பாதி மரம் இல்லை. சாய்ந்த பூவரசு ஒன்றை விறகுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அந்த ஆசாரியின் மகனிடம் சொல்லி அறுத்து, காய வைத்து, மறு வருஷம் பள்ளிக்கு ஏற்றப்பலகை போட்டோம். வேப்பெண்ணெய் தவிர வேறு பூச்சு கிடையாது. உங்கள் நகரிலும் சாய்ந்த மரம் இருந்தால், ஏலத்துக்குப் போவதற்குள் ஒரு பலகை கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பேரனுக்கு நடைவண்டி வாங்கலாமா?
- வாசகி, திருவையாறு

பதில்: கோயில் திருவிழாக் கடையில் விற்கும் மூன்று சக்கர மர வண்டி என்றால் தாராளமாக வாங்குங்கள். பிள்ளை தானாக எழுந்து நின்று தள்ள வேண்டும். நடுவில் உட்கார வைக்கும் வளைய வண்டி மட்டும் வேண்டாம். படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள் அநேகம், கனடாவில் 2004-லேயே தடை செய்துவிட்டார்கள். சக்கரம் கடகடவென்று சத்தம் போட்டால் எண்ணெய் விடாதீர்கள். அடுப்படியில் இருந்தபடியே பேரன் எந்தப் பக்கம் போகிறான் என்று தெரியும்.