லியோன் போன்ற படங்களில் கொலைகாரனோடு ஏன் ஒரு குழந்தை?

துரத்துபவர்களிடமிருந்து குழந்தையைக் காப்பாற்றும் ஆக்‌ஷன் கதைதான் இந்த வகை. நல்ல உதாரணம், பிரெஞ்சு இயக்குநர் லூக் பெஸ்ஸோன் 1994இல் எடுத்த லியோன். கூலிக்குக் கொலை செய்யும் லியோன் தனியாள் என்றால் சட்டென்று தப்பிவிடுவான். குடும்பத்தைப் பறிகொடுத்த 12 வயது மத்தில்தா கூட இருக்கும்போது முடியாது. ஸ்கூட்டரில் முன்னால் பிள்ளையை நிறுத்தியவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் பிடிப்பார் இல்லையா, அந்தப் பதற்றம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. அப்புறம், பேசாத ஆளைப் பேச வைக்கவும் குழந்தை வேண்டும். லியோனாக நடித்த ழான் ரெனோ பால் குடிப்பதும் தொட்டிச்செடியின் இலைகளைத் துடைப்பதும் எனக்குச் சண்டைகளைவிடப் பெரிய காட்சிகள்: அன்பு வைக்க அவனுக்கு ஆள்தான் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

கதை நியூயார்க்கில் நடப்பதால் பலர் இதை ஹாலிவுட் படம் என்கிறார்கள். தயாரித்தது பிரான்ஸின் கோமோன் நிறுவனம், உட்புறக் காட்சிகளில் பெரும்பகுதி எடுக்கப்பட்டதும் பிரான்ஸில்தான்.