முல்தானி மட்டி தினமும் போடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயது. மதியத்துக்குள் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும். கன்னத்தில் பரு இருக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு மாதமாகத் தினமும் ராத்திரி முல்தானி மட்டியில் எலுமிச்சைச் சாறு கலந்து போடுகிறேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கழுவுவேன். முதல் வாரம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது கன்னம் இழுத்துப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டாலே எரிகிறது, மூக்கோரம் தோல் உரிகிறது. எண்ணெய் மட்டும் குறையவே இல்லை. செப்டம்பரில் என் சொந்த அக்காவுக்குக் கல்யாணம். என் சருமத்துக்கு வாரத்தில் எத்தனை தடவை ஃபேஸ் பேக் போடலாம்?
– பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: இன்றைக்கு ராத்திரி பேக் வேண்டாம். நாளைக்கும் வேண்டாம். எரிச்சலும் உரிதலும் முழுசாக அடங்கும்வரை, எப்படியும் இரண்டு மூன்று வாரம், எந்தப் பேக்கும் முகத்தில் படக்கூடாது. எத்தனை தடவை என்பதற்கு அப்புறம் வருகிறேன். எரிகிற முகத்துக்கு வாரக்கணக்கு கிடையாது.

முல்தானி மட்டி நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். களிமண் என்பதால் மேல்தோலில் தேங்கிய எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஆனால் நீங்கள் அது காய்ந்து, பேசினால் வெடிக்கிற அளவுக்கு இறுகும்வரை விட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அது சருமத்தின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். பேக்கின் ஓரம் வெளுத்து, நடுவில் தொட்டால் இன்னும் விரலில் லேசாக ஒட்டும் நிலை வரும் பாருங்கள், அப்போதே கழுவிவிட வேண்டும். மெல்லிசாகப் போட்டால் 10 நிமிடம் போதும்.

எலுமிச்சையை இனி எப்போதுமே முகத்துக்குக் கொண்டுவராதீர்கள். பிஎச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும். நம் சருமத்தின் பிஎச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். அந்தக் கணக்கில் ஒரு எண் இறங்கினாலே அமிலம் பத்து மடங்கு கூடும். அப்படியானால் சருமத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அமிலத்தைத் தினமும் தடவியிருக்கிறீர்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் சிலருக்குக் கொப்புளமே வரும். அது ஆறிய பிறகும் கருப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பளபளப்பு வேண்டும் என்று போட்டு, திட்டுத் திட்டாகக் கருத்த முகத்தோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

இவ்வளவு செய்தும் எண்ணெய் ஏன் குறையவில்லை என்கிறீர்கள். எண்ணெய்ச் சுரப்பி இருப்பது தோலுக்கு உள்ளே. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. மேலே பூசுகிற மண் ஏற்கெனவே வெளியே வந்ததைத்தான் எடுக்கும், சுரப்பியின் வேலையை நிறுத்தாது. மறுநாள் மதியம் எண்ணெய் திரும்ப வந்தால் பேக் பலிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, அதனால் முடிகிற வேலையே அவ்வளவுதான்.

இந்த இடைவெளியில் காலையும் இரவும் மிதமான ஃபேஸ்வாஷ், முகம் ஈரமாக இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன், இவை போதும். பரு இருப்பதால் ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர் வாங்குங்கள். வீட்டில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் குளிக்கிற சோப்பை முகத்துக்குப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தோலில் படிந்து, வறட்சியைக் கூட்டும்.

முகம் சரியானதும் ஒரு நாள் கழுவித் துடைத்துவிட்டு, ஒன்றும் தடவாமல் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். நெற்றி, மூக்கு, மோவாய் மட்டும் பளபளத்துக் கன்னம் சாதாரணமாகவோ இறுக்கமாகவோ இருந்தால் உங்களுடையது கலவைச் சருமம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. அப்படியானால் முகம் முழுக்க ஒரே பேக் என்பதே தவறு. முல்தானி மட்டியைப் பன்னீரில் குழைத்து, எண்ணெய் வழிகிற இடங்களில் மட்டும் வாரம் ஒரு தடவை போடுங்கள். ஒரு மாதம் பார்த்து, இழுப்பு எதுவும் இல்லை என்றால் இரண்டு தடவை ஆக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கன்னத்துக்குப் பேக்கே தேவையில்லை. போட்டே ஆக வேண்டும் என்று இருந்தால் கற்றாழை. மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் அரிக்கும். அதனால் மடலைக் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்து வடியவிட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முகம் முழுக்க எண்ணெய் வழிகிறவர்கள் மண் பேக் வாரம் இரண்டு தடவை போடலாம். வறண்ட சருமக்காரர்கள் மண் பக்கம் போகாமல், ஈரம் தருகிற பேக்கை வாரம் ஒரு தடவை போட்டால் நல்லது. எதைப் போட்டாலும் சிவக்கிற சருமம் என்றால் 10, 15 நாளைக்கு ஒரு தடவை, அதுவும் ஒன்றிரண்டு பொருள் மட்டும் சேர்ந்த பேக்காக இருக்கட்டும். பப்பாளி, தயிர் போன்றவை இறந்த தோலை உரிக்கும் வேலையையும் செய்வதால் எந்தச் சருமத்துக்கும் வாரம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். ஈரமாக முகத்தில் ஒட்டிக்கொள்கிற ஷீட் மாஸ்க்கையும் முகத்திலேயே காயவிடாதீர்கள்.

பருவைப் பற்றி ஒரு வார்த்தை. பேக் பருவுக்கு மருந்து இல்லை. மாதவிலக்கு தள்ளிப்போவதோ, மோவாயில் முடி வளர்வதோ சேர்ந்து இருந்தால் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் தோல் மருத்துவர். அவர் அடாப்பலீன், பென்சாயில் பெராக்சைடு மாதிரி களிம்பு எழுதிக்கொடுத்தால், அதைப் போடுகிற நாட்களில் மண் பேக் கூடாது. அந்தக் களிம்புகளே தோலை உலர்த்தும். இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் எரிச்சல்தான்.

கல்யாணத்துக்கு வருவோம். கடைசி பேக் முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்னால் இருக்கட்டும், அதுவும் உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும். அக்காவோடு பார்லருக்குப் போனால், கூடவே உங்களுக்கும் பிளீச்சும் புது ஃபேஷியலும் செய்துவிடுவதாகச் சொல்வார்கள். இப்போதுதான் ஆறியிருக்கும் தோல் என்று சொல்லி மறுத்துவிடுங்கள். முடியலங்காரத்தோடு எழுந்து வந்துவிடலாம்.