வாசகர் கேள்வி பதில்: சாவியும் முன்பணமும்

கேள்வி: அமெரிக்கக் காற்பந்து வீரர் ஒருவர் ஏழைத் தாய்மார்களுக்கு வீடு கொடுக்கிறார் என்று என் மகன் சொல்கிறான். முழு வீட்டையும் இலவசமாகவா கொடுக்கிறார்? தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல எங்கள் ஊரில் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. நம் விளையாட்டாளர்களால் இப்படிச் செய்ய முடியாதா?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் மகன் சொல்வது வாரிக் டன்னைப் பற்றியதாக இருக்கும். அவர் ஆடியது நம் பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் உதைக்கும் பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அவருடைய தாயார் பெட்டி ஸ்மதர்ஸ், பேட்டன் ரூஜ் நகரக் காவல்துறையில் பணியாற்றி, ஆறு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். சம்பளம் போதாமல், ஓய்வு நேரத்திலும் பாதுகாவல் வேலை பார்த்துவந்த அவர், 1993 ஜனவரியில் கடை மேலாளர் ஒருவருக்குத் துணையாக வங்கிக்குச் சென்றபோது கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்த மகன் டன்னுக்கு 18 வயது நிறைந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. சொந்த வீடு வேண்டும் என்ற தாயின் ஆசை நிறைவேறவில்லை. தம்பி தங்கைகள் ஐவரின் பொறுப்பு மகன் தலையில் விழுந்தது. 1997இல் தொழில்முறை ஆட்டக்காரரான முதல் ஆண்டிலேயே, தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கான வீட்டு உதவியைத் தொடங்கினார்.

அவர் வீட்டைத் தூக்கிக் கொடுப்பதில்லை. வீடு வாங்கும்போது முதலில் கட்ட வேண்டிய முன்பணத்தில் ஒரு பகுதியைத் தருகிறார். கட்டில், நாற்காலி, சமையல் பாத்திரம், குளிர்பெட்டிக்குள் உணவுப்பொருள் வரை நிரப்பிய பிறகு குடும்பத்தை உள்ளே அழைக்கிறார். மாதத் தவணை அந்தத் தாயின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: மாதந்தோறும் வாடகை கட்டத் தெரிந்த பெண்ணுக்குத் தவணை கட்டத் தெரியாதா? அவரைத் தடுத்து நிறுத்துவது மொத்தமாக எண்ணி வைக்க வேண்டிய பணந்தான்.

நம் மலேசியாவிலும் முதல் வீட்டுக்கு வங்கி பொதுவாக 90 விழுக்காடு வரைதான் கடன் கொடுக்கும். இரண்டு லட்சம் வெள்ளி வீட்டுக்கு இருபதாயிரம் வெள்ளியைக் கையிலிருந்து போட வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் தனி. வேலையோடு தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீடும் கைவிட்டுப் போன குடும்பத்துக்கு அது மலை. ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காக எடுக்கக்கூடிய தொகை எவ்வளவு என்பதை முதலில் கேட்டறிந்து, குறையும் பகுதிக்கு மட்டும் உதவி தேடுவது நல்லது. சம்பளமே பாக்கி நிற்கும் நம் ஆட்டக்காரர்கள் சிலரிடம் முன்பணத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. ஓர் அணியே சேர்ந்து ஒரு வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான் வாங்கித் தரலாம்.

கேள்வி: அப்படி ஓர் அணி உண்டியலுடன் தெருவில் வசூல் செய்யலாமா?
— அதே வாசகி

பதில்: உரிமம் இல்லாமல் கூடாது, அதற்கென்றே 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாகத் திரட்டினால், கொடுப்பவருக்கு வரிக்கழிவும் கிடைக்கும். உதவி பெறும் குடும்பத்தின் படத்தை, அவர்கள் மனமொப்பிச் சம்மதித்தால் ஒழிய, வெளியிட வேண்டாம்.